பாய்மரப் படகில் ஜி.பி.எஸ்: பிளாட்டரா டேப்லெட்டா, உச்சியிலா கம்பியிலா?

மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் நண்பரின் படகு 11 மீட்டர் நீளம். கண்ணாடியிழை உடல், ஒற்றைப் பாய்மரம். அடுத்த ஆண்டு அவரும் மனைவியும் மலாக்கா நீரிணை வழியாக இறங்கி, இந்தோனேசியத் தீவுகளுக்குப் போக இருக்கிறார்கள். படகில் இருந்த பழைய ஜி.பி.எஸ் கருவி கெட்டுப்போய்விட்டதால் புதிதாக எதைப் பொருத்தலாம் என்று கேட்டார். விற்பனைத் தாள்களைப் புரட்டினால் கருவியின் பெயரும் திரையின் அளவும்தான் கண்ணில் படுகின்றன. கருவியை எங்கே வைப்பது, எந்த வயரில் இணைப்பது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அனுபவத்தில் படகைக் காப்பாற்றுபவை அந்த இரண்டும்தான்.

பிளாட்டரும் டேப்லெட்டும்

பிளாட்டர் என்பது கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும், படகிலேயே பொருத்தும் திரைக் கருவி. டேப்லெட் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நேவியானிக்ஸ் போன்ற செயலிகள் குறைந்த செலவில் கடல் வரைபடம் தருகின்றன. கணினியில் ஓப்பன்சிபிஎன் மென்பொருள் இலவசம். அது ஆண்ட்ராய்டிலும் ஓடும். ஐபேட் வாங்குகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜி.பி.எஸ் சில்லு கிடையாது. சிம் போடக்கூடிய மாடலில் உண்டு. சிம் போடாவிட்டாலும் அது வேலை செய்யும்.

வெயிலும் மழையும் வந்தால் டேப்லெட் தடுமாறுகிறது. நண்பகலில் சுக்கானருகே வைத்தால் சூடேறித் தானாக அணைந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில், பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன், நீரிணையில் ஒரு சூறைமழை பாயும். மாலுமிகள் அதைச் ‘சுமத்ரா’ என்பார்கள். அந்த மழையில் ஒவ்வொரு துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு திரை வரைபடத்தை இழுக்கும், சுருக்கும், பெரிதாக்கும். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தே ஆக வேண்டிய நிமிடம் அதுதான். நிலையாகப் பொருத்தும் பிளாட்டரை நான் சொன்னதற்கு முதல் காரணம் இது. அதிலும் தொடுதிரையோடு பொத்தான்களும் உள்ள மாடலையே தேர்ந்தெடுத்தோம். ஈரக் கையோடும் கையுறையோடும் அதை இயக்கலாம்.

ஆனால் கிழக்கு இந்தோனேசியாவுக்குப் போனால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஜி.பி.எஸ் நம் இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லிவிடும். அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதத்தில் நிறுத்தியதிலிருந்து இதுதான் நிலை. வரைபடமோ பல இடங்களில் பழைய அளவீட்டை நம்பி நிற்கிறது. சில தீவுகளின் கரை சில நூறு மீட்டர் தள்ளி வரையப்பட்டிருக்கும். நங்கூரமிட்டு நிற்கும் படகு திரையில் தென்னந்தோப்புக்குள் நிற்கும். அந்தப் பகுதியில் சுற்றும் மாலுமிகள் செயற்கைக்கோள் படங்களைக் கோப்பாக்கி ஓப்பன்சிபிஎன்னில் ஏற்றி, பவளத் திட்டுகளைக் கண்ணால் பார்த்தே நுழைகிறார்கள். இப்படி நாமே தயாரித்த படங்களைப் பெரும்பாலான பிளாட்டர்கள் ஏற்பதில்லை.

ஓர் ஆபத்து இரண்டுக்கும் பொது. 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயமான வால்வோ ஓஷன் ரேஸில் ஓடிய ‘வெஸ்டாஸ் விண்ட்’ படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் திட்டுகளில் முழு வேகத்தில் ஏறியது. தேர்ந்த மாலுமிகள், நல்ல கருவிகள். ஆனாலும் வரைபடத்தைச் சுருக்கி வைத்துப் பார்த்ததில் திட்டின் ஆபத்து கண்ணில் படவில்லை. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். இரவுப் பயணத்துக்கு முன் போகும் பாதை முழுவதையும் ஒருமுறை பெரிதாக்கி நகர்த்திப் பார்க்க வேண்டும். எந்தத் திரை வாங்கினாலும் அந்த வேலை நம்முடையது.

முடிவில் இரண்டையும் வைத்தோம். ஓட்டுவதற்குப் பிளாட்டர், திட்டமிடுவதற்கு டேப்லெட். ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்: டேப்லெட் தன் சொந்தச் சில்லையே பயன்படுத்த வேண்டும், பிளாட்டரிடமிருந்து வைஃபை வழியாக இடத்தைக் கடன் வாங்கக் கூடாது. கடன் வாங்கினால் பிளாட்டர் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும்.

ஆண்டெனா: உச்சியும் பின்கம்பியும்

முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ ஆண்டெனாவைப் பாய்மர உச்சியில் வைத்திருந்தார்கள். உயரே வைத்தால் நன்றாக எடுக்கும் என்ற எண்ணம், மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப் வானொலிக்குப் பொருந்தும், ஏனென்றால் அது அடிவானம் வரை பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அதற்கு முன் 15 மீட்டர் உயரம் எந்தக் கணக்கிலும் வராது.

லாபம் இல்லாதது மட்டுமில்லை, நஷ்டமும் உண்டு. படகு இருபக்கமும் 20 டிகிரி உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆண்டெனா பக்கத்துக்கு 5 மீட்டர், ஆக மொத்தம் 10 மீட்டர் வீசப்படுகிறது. அந்த வீச்சுக்கு 4 விநாடி என்றால் சராசரி வேகம் ஏறத்தாழ 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்). படகே 5 நாட்டில்தான் போகிறது! திரையில் வேகமும் திசையும் ஊசலாடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதே உருளலில், நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள பின்பக்கக் கைப்பிடிக் கம்பி மொத்தமே ஒரு மீட்டர்தான் ஆடும். உச்சியில் பழுது என்றால் ஒருவர் கயிற்றில் ஏற வேண்டும் என்பதையும், மின்னல் முதலில் தேடும் இடம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே, தளத்துக்கு அடியில் வைப்பது மூன்றாவது வழி. கண்ணாடியிழைப் படகில் அது நன்றாகவே வேலை செய்யும். தளத்தில் ஓட்டையும் வேண்டாம். எஃகு, அலுமினியம், கார்பன் இழைப் படகுகளில் சிக்னல் உள்ளே வராது. நாங்கள் பின்கம்பியைத் தேர்ந்தெடுத்தோம்: சூரியத் தகட்டின் நிழல் விழாத மூலை, ரேடார் கற்றைக்கு வெளியே, அவசர வி.எச்.எஃப் ஆண்டெனாவிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி.

வயரை உள்ளே இறக்கும் ஓட்டையில் அவசரம் கூடாது. இந்தப் படகின் தளம் இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. நேரடியாகத் துளைத்து வயரைச் செருகினால், கசியும் நீர் அந்த மரத்தை உள்ளுக்குள்ளேயே அழுகவைத்துவிடும். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸிப் பிசின் ஊற்றி இறுகவைத்து, மறுநாள் அந்த எபாக்ஸியின் நடுவில் சிறிய துளை போட்டோம். ஒரு நாள் கூடுதலாக ஆனது. மரத்துக்கு இனி ஈரம் போக வழியில்லை.

வயரிங்: 0183-உம் 2000-உம்

படகுக் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் தர முறைகளே என்.எம்.இ.ஏ 0183-உம் 2000-உம். 0183 பழைய முறை. ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும். வேகம் நொடிக்கு 4,800 பிட், அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ் கருவிக்கு மட்டும் 38,400. இரண்டு கருவிகள் ஒரே வயரில் பேச வேண்டுமென்றால் நடுவில் தனிப் பெட்டி வேண்டும். ஆனால் திருப்புளியும் மல்டிமீட்டரும் இருந்தால் எந்தத் தீவிலும் பழுது பார்க்கலாம். அந்தக் குணத்துக்காக அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

என்.எம்.இ.ஏ 2000-இல் எல்லாக் கருவிகளும் ஒரே முதுகெலும்பு வயரில் தொங்கும். வேகம் நொடிக்கு 2,50,000 பிட். கிளை வயர் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, முதுகெலும்பின் இரு முனையிலும் 120 ஓம் முடிப்பான் (முனையில் பொருத்தும் மின்தடை) இருக்க வேண்டும். எங்கள் படகில் எல்லாம் இணைத்த பிறகும் காற்றுமானி விட்டுவிட்டு மறைந்தது. மின்சாரத்தை நிறுத்தி, தகவல் போகும் வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். இரண்டு முடிப்பான்களும் இணையாக இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டியது 120 காட்டியது. ஒரு முடிப்பான் தொடர்பில் இல்லை என்று பொருள். பாய்மரத்தின் அடியில் இருந்த முடிப்பானின் திருகு வளையம் இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கியதும் 60 வந்தது. காற்றுமானி அதன் பிறகு மறையவில்லை.

புதிதாகப் பொருத்துபவர்கள் 2000-ஐயே எடுக்கலாம். ஆனால் நீரிணையில் மின்னல் அதிகம். எல்லாம் ஒரே வயரில் இருப்பதால் ஒரே அடியில் எல்லாமே எரியக்கூடும். இடி வரும்போது கையடக்க ஜி.பி.எஸ்ஸையும் டேப்லெட்டையும் படகின் சமையல் அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லியிருக்கிறேன். உலோகப் பெட்டி, உத்தரவாதம் இல்லாவிட்டாலும் ஓரளவு காக்கும்.

0183-க்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நண்பரின் வி.எச்.எஃப் வானொலியில் மூடிக்குக் கீழே சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் அபாயச் செய்தியோடு படகு நிற்கும் இடமும் சேர்ந்து போகும், வானொலிக்கு இடம் தெரிந்தால் மட்டும். இந்த மாடலில் சொந்த ஜி.பி.எஸ் இல்லை. பின்புறம் இரண்டு மெல்லிய வயர்கள் நுனியில் டேப் சுற்றி, பல ஆண்டுகளாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பிளாட்டரின் 0183 வெளியீட்டோடு அவற்றை இணைக்க இருபது நிமிடம் ஆனது. வானொலியின் சிறு திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்தன. நண்பரின் மனைவி டேப்லெட்டை எடுத்துவந்து, இரண்டு எண்களையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பயணக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.