91, 95, 100: நம் காருக்கு எந்தப் பெட்ரோல்?

பங்கில் வண்டி நின்றதுமே "சாதாவா, பவரா சார்?" என்று கேட்டுவிடுவார்கள். பவர் என்கிற பிரீமியம் பெட்ரோலுக்குக் கூடக் கொடுத்தால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பல டேங்க் ஊற்றி, கிலோமீட்டர் கணக்கு எழுதிவைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத காருக்கு அந்தக் கூடுதல் காசு வீண். டர்போ காரில் ஆக்டேன் வித்தியாசம் உண்மையிலேயே தெரியும், ஆனால் வெயில், ஏற்றம், பாரம் மூன்றும் சேரும்போது மட்டும். 100 ஆக்டேன் பெட்ரோல் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்குத் தேவையே இல்லை.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அதற்காகவே உள்ள சோதனை இன்ஜினில் ஒப்பிட்டு அளக்கிறார்கள். இந்தியாவில் நாம் பார்க்கும் 91, 95 எல்லாம் ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) முறையில் அளந்தவை. அமெரிக்க பங்குகளில் எழுதியிருக்கும் 87 வேறு கணக்கு. நம் முறையில் அது ஏறக்குறைய 91, 92 வரும். அங்குள்ள வீடியோவைப் பார்த்துவிட்டு, "அவர்கள் 87 போடுகிறார்கள், நமக்கு 91 தாராளம்" என்று முடிவு கட்டுவது தவறு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சாதா பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91-ஆக இருந்தது. அப்போது 91-க்கும் 95-க்கும் இடையே நான்கு புள்ளி நிஜமான வித்தியாசம் இருந்தது. இப்போது நிலைமை வேறு. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐத் தாண்டும். பெட்ரோலில் அதை 20 சதவீதம் கலந்தால் (அதுதான் இ20) மொத்தக் கலவையின் எண்ணும் ஏறிவிடும். இ20 பெட்ரோல் 95 ஆர்.ஓ.என். அளவுக்கு வந்துவிட்டது என்று பெட்ரோலியம் அமைச்சகமே 2025-இல் விளக்கம் கொடுத்தது. சாதா நாசிலில் வருவதே 95 என்றால், பக்கத்து நாசிலில் 95 என்று எழுதியதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஆக்டேனுக்கு இல்லை. அதில் சேர்க்கும் டிடர்ஜென்ட்டுக்கு. இன்ஜெக்டரில் படியும் அழுக்கைக் கட்டுப்படுத்தும் மருந்து அது, நல்லதுதான். ஆனால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. அந்த வால்வில் படியும் கரியை எந்த பிரீமியம் பெட்ரோலும் கழுவாது.

"பவர் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா?" என்பதற்குப் பதில் ஆக்டேனில் இல்லை, எத்தனாலில் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. முழுவதும் எரியப் பெட்ரோல் ஒரு கிலோவுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் அதே காற்றுக்கு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதிக எரிபொருளைத் தெளிக்கிறது. இ10-க்கு ட்யூன் செய்த பழைய கார்களில் இ20-ஆல் 6–7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம், இ20-க்கே ட்யூன் செய்த கார்களில் 1–2 சதவீதம்தான் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஆகவே பங்கில் 95 என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த நாசிலில் வருவதில் எத்தனால் எவ்வளவு என்று கேளுங்கள். பிரீமியமும் இ20-தான் என்றால் மைலேஜ் கூட வழியில்லை.

காசுக் கணக்கும் எளிது. சாதா 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 16.2 கொடுத்தால்தான் கைக்காசு சரிக்குச் சரி. டர்போ இல்லாத 1.2 லிட்டர் காரில் அந்த எட்டு சதவீதம் ஒருபோதும் வராது.

சரி, டர்போவில் என்ன நடக்கிறது? மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு விட்டு குன்னூர் ஏற்றம் தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத மதியம், ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்தபிறகு, கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்கள். ஆர்பிஎம் 1,500. டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறது, அந்தக் காற்றும் சூடு. அப்போது தகர டப்பாவில் சிறு கூழாங்கல் குலுங்குவதுபோல் 'கிணுகிணு' என்று கேட்டால் அதுதான் நாக்கிங், பெட்ரோல் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் சத்தம். பெரும்பாலும் காதுக்குக் கேட்பதற்கு முன்பே, பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சார் அந்த அதிர்வைப் பிடித்து, இசியு ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்திவிடும். இன்ஜின் தப்பிக்கிறது, ஆனால் இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடு கூடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஆக்டேன் கூடினால் திரும்பக் கிடைப்பது இப்படி இழந்த டைமிங்தான், புதிய சக்தி அல்ல. டைமிங்கை இழக்கவே இழக்காத இன்ஜினுக்குத் திருப்பித் தர ஒன்றுமில்லை.

மேலே ஊட்டிக்குப் போய்விட்டால் கதை மாறுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜினுக்குள் காற்று குறைவாகப் போவதால் நாக்கிங் வாய்ப்பும் குறைகிறது. மலைக்குப் போகிறோம் என்று அந்தக் காருக்கு விலை கூடிய பெட்ரோல் போடத் தேவையில்லை.

உங்கள் கார் எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துவிடலாம். ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கணினியை இணைத்துக் காரைச் சோதிக்கும் இடம்) செருகும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். டைமிங் அட்வான்ஸ் (ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னதாக வருகிறது), இன்டேக் காற்றின் வெப்பம், இன்ஜின் லோடு மூன்றையும் திரையில் வையுங்கள். ஒரே மேம்பாலம், ஒரே கியர், ஒரே ஆர்பிஎம். பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். சாதா பெட்ரோலில் 8 டிகிரி காட்டிய இடத்தில், அதே காற்று வெப்பத்தில், பிரீமியம் போட்டபின் 12 காட்டினால் உங்கள் இன்ஜின் அந்த ஆக்டேனைப் பயன்படுத்துகிறது. இரண்டிலும் எண் ஒன்றே என்றால் கேள்வி அத்தோடு முடிந்தது. காற்றின் வெப்பம் பத்து டிகிரி மாறியிருந்தால் ஒப்பிடாதீர்கள்; காலையில் ஒன்று, மதியம் ஒன்று எடுத்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரே டேங்க்கில் முடிவு சொல்லவும் முடியாது. உதாரணத்துக்கு, 40 லிட்டர் டேங்க்கில் 91 ஆக்டேன் 10 லிட்டர் மீதியிருக்க, 95-ஐ 30 லிட்டர் ஊற்றினால் கிடைப்பது 94. தவிர, இசியு தான் கற்றுவைத்த டைமிங்கை மெதுவாகத்தான் மாற்றும். ரிசர்வ் வரை ஓட்டி, ஒவ்வொரு வகையிலும் மூன்று டேங்க் ஊற்றுங்கள். முதல் டேங்க்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே பங்கு, நாசில் முதல்முறை தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், டயர் காற்றும் ஒரே அளவு. "ரவுண்டா போட்டுடறேன் சார்" என்று மேலே ஊற்ற விட்டால் கணக்கு கெடும்; ஆவியை உறிஞ்சும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் இறங்கி அதுவும் கெடும்.

சோதனையைவிட முக்கியம், பெட்ரோல் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஓனர்ஸ் மேனுவலும். '91 அல்லது அதற்கு மேல்' என்றிருந்தால் இன்றைய இ20-இன் ஆக்டேனே அதைத் தாண்டிவிட்டது. '95 பரிந்துரை, குறைந்தது 91' என்றிருந்தால் மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். 98 என்று எழுதியிருக்கும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத்தான் இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி100 போன்றவை பொருந்தும். அதே ஸ்டிக்கரில் எத்தனால் அளவும் இருக்கும். இ10 என்று போட்ட காரில் கவலைப்பட வேண்டியது ரப்பர் ஹோஸ், சீல்களைப் பற்றி. ஆக்டேனைப் பற்றி அல்ல. சர்வீஸில் அவற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல பெட்ரோல் போட்டும் தட்டுகிறது என்றால் கோளாறு வேறிடத்தில். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் நலம். சுண்ணாம்புபோல் வெளுத்து, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளியோ, மினுங்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நாக்கிங் பிஸ்டனைத் தின்னத் தொடங்கிவிட்டது. உடனே மெக்கானிக்கிடம் போங்கள். நாக் சென்சாரைக் கழற்றி மாட்டியவர் கைப்பதத்தில் இறுக்கியிருக்கலாம். நடுவில் ஓட்டையுள்ள வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர். தளர்ந்தாலும் மிகை இறுக்கமானாலும் அளவு தப்பும். சிறிய டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் ஒரே ஒரு பலத்த 'டொக்' கேட்டால் அது வேறு நோய்: ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிந்துவிடுவது. அதற்கு ஆக்டேன் மருந்தல்ல. டப்பாவில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக்குறி உள்ள இன்ஜின் ஆயில் போடுவதும், 2,000-க்குக் கீழே உயர் கியரில் அழுத்தாமல் இருப்பதும்தான் காக்கும்.

பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டரில் '3 பாயின்ட் கூடும்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 0.3-தான், 91 என்பது 94 ஆகாது, 91.3 ஆகும். மாங்கனீஸ் கலந்தவை பிளக்கில் செங்கல் நிறத்தில் படிந்துவிடும்.

மாதக்கணக்கில் நிற்கும் கார்களில் இன்னொரு ஆபத்து தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழையில் மூடி வழியாகவோ பங்கின் தரைத்தொட்டியிலிருந்தோ தண்ணீர் அளவுமீறி வந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. பெட்ரோல் போட்டுச் சில கிலோமீட்டரில் கார் திணறினால், மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் ஒரு கால் லிட்டர் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு விழுந்தால் டேங்க்கை முழுவதும் காலி செய்து, லைனைக் கழுவி, ஃபில்டரை மாற்ற வேண்டும். பங்கின் பில்லையும் அந்தப் பாட்டிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.