புரொய்லர் தீனில் கலக்கும் பசிலஸ் தூள்: ஒரு தொகுதி வளர்த்த அனுபவம்

செங்கலடியில் விவசாயக் கடையொன்றில் வாங்கிய பசிலஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர் கொண்ட தூளை, அன்டிபயோட்டிக் கலக்காத தீனுடன் 300 புரொய்லர் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே கொடுத்தேன். இந்த நுண்ணுயிர் வித்தி நிலையில், அதாவது கடினமான உறைக்குள் உறங்கும் நிலையில், இருப்பதால், தீன் தயாரிக்கும் சூட்டையும் இரைப்பை அமிலத்தையும் தாங்கிக் குடலை அடைந்து, கேடு செய்யும் கிருமிகள் பெருகுவதைக் கட்டுப்படுத்த உதவுகிறது. நன்மை செய்யும் மற்றொரு நுண்ணுயிரான லக்டோபசிலஸ் வகைகளுக்கு அந்தத் தாங்குசக்தி குறைவு. மூன்றாம் வாரத்தில் வழக்கமாக நனைந்து நாறும் உமிப்படுக்கை இம்முறை உலர்ந்தே இருந்தது, எனக்கு அதுவே பெரிய ஆறுதல். எடை முந்தைய தொகுதியைவிடச் சற்றுக் குறைவுதான். ஆயினும், வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இலேயே தடைசெய்திருக்கையில், நம் பிள்ளைகள் உண்ணும் இறைச்சிக்காக அந்தக் குறைவை நான் மனமுவந்து ஏற்கிறேன். பொதியில் கலக்கும் அளவு தமிழில் இல்லாதது பெருங்குறை. கடைக்காரரிடம் கேட்டே எழுதிக்கொண்டேன்.