வைதாங்கி போனா கைடு டூர மிஸ் பண்ணிடாதீங்க

நியூசிலாந்துல, ஆக்லாந்துல இருந்து மூணு மணி நேரத்துக்கு மேல வேன்ல உக்காந்து போய், பிரிட்டிஷ்காரங்களும் மாவோரிங்களும் (அந்த நாட்டு பூர்வகுடிங்க) ஒப்பந்தம் போட்ட புல்தரைய பாக்கணுமான்னு வீட்ல கேட்டாங்க, எனக்கும் அதே டவுட்டுதான், ஆனா வைதாங்கில டிக்கெட்டோட வர்ற கைடு டூர் இருக்கே, அதுக்காகவே போலாம்.

வெள்ளைக்காரன் பேப்பர நீட்டினான், மாவோரி தலைவருங்க புரியாம கையெழுத்து போட்டாங்க, இப்படித்தான் நான் நெனச்சிட்டு இருந்தேன். அப்படியெல்லாம் இல்லையாம். 1840 பிப்ரவரி 5 அன்னைக்கு பூரா இங்க சண்டை மாதிரி வாக்குவாதம். தே கேமரான்னு ஒரு தலைவர் (ஆமா, நம்ம கேமராவேதான் ஞாபகம் வந்துச்சு) பிரிட்டிஷ் பிரதிநிதி பஸ்பியோட வீட்டு முன்னாடியே நின்னு எங்க நிலத்த திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கார், நீ மேல நான் கீழயான்னு, கவர்னரா வந்த ஹாப்சன் கிட்டயே கேட்டிருக்கார், கடைசில விலங்கு மாட்டின மாதிரி ரெண்டு மணிக்கட்டையும் குறுக்க வெச்சு என்னை இப்படித்தான் ஆக்குவியான்னு கத்திட்டு, அடுத்த நொடியே ஹாப்சன் கைய புடிச்சு குலுக்கி இங்கிலீஷ்ல நலம் விசாரிச்சாராம், கூட்டமே சிரிச்சிடுச்சு. எங்க கைடு அத அப்படியே நடிச்சு காட்டுனாங்க, செம. மறுநாள் அவரும் கையெழுத்து போட்டுட்டார்ங்கறதுதான் எனக்கு இன்னும் மண்டைல ஓடுது.

ஒப்பந்தத்துக்கு ஆதரவா பேசின நேனேங்கற தலைவரோட சைடும் சொல்றாங்க, இதெல்லாம் வியாபாரிங்க வர்றதுக்கு முன்னாடி பேசிருக்கணும், இப்ப லேட்டுன்னாராம். முதல் கையெழுத்து போட்ட ஹோனே ஹேகே நாலே வருஷத்துல எதிர்க்கரை கோரோராரேக்கால (இப்ப ரஸ்ஸல்) பிரிட்டிஷ் கொடிக்கம்பத்த வெட்ட ஆரம்பிச்சு, அவரும் அவரோட ஆளுங்களுமா மொத்தம் நாலு தடவ சாய்ச்சாங்க, ஹேகேவ எதிர்த்து நேனே பிரிட்டிஷ்காரங்க பக்கம் நின்னு சண்டை போட்டார்.

மியூசியத்துல கையெழுத்து நகல் பாருங்க (ஒரிஜினல் வெலிங்டன்ல). சில பேரு மூஞ்சில இருக்கற மோக்கோங்கற பச்சை குத்தின கோலத்தையே கையெழுத்தா வரைஞ்சிருக்காங்க, நான் அங்கயே நின்னுட்டேன். இங்கிலீஷ்ல முழு இறையாண்மையும் ராணிக்கு, மாவோரில வெறும் கவர்னர் ஆட்சி, வில்லங்கமே அந்த மொழிபெயர்ப்புலதான். நிலத்தோட நிழல்தான் ராணிக்கு, நிலம் நமக்குன்னு சொன்ன பனகரேயாவோங்கற தலைவர் ஒரு வருஷத்துக்குள்ள அத அப்படியே தலைகீழா மாத்தி, நிலம் ராணிக்கு, நிழல்தான் நமக்குன்னு சொன்னார்.

கலை நிகழ்ச்சி ஓகே, முன்னாடி சீட்டுக்கு சீக்கிரம் போங்க. குறைன்னா எங்கள கூட்டிட்டு போன வேன்காரங்கதான், ரெண்டு மணி நேரம்னு கறாரா சொல்லி மியூசியத்துல பாதிய ஓட விட்டுட்டாங்க. முடிஞ்சா சொந்தமா கார் எடுத்துட்டு போங்க, முந்தின நாள் ராத்திரி பக்கத்து ஊரு பைஹியாலயே தங்கிடுங்க.