ரெடிமேட் டாய்லெட் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன்னால் டாங்கைப் பற்றிக் கேளுங்கள்

பூங்கா, விளையாட்டுத் திடல், கோயில் மண்டபம், ஊருக்கு வெளியே தோட்டம் என்று எதற்காவது ரெடிமேட் டாய்லெட் வாங்க யோசித்துக்கொண்டிருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருவொற்றியூரில் எங்கள் திடலுக்கு இரண்டு அறை கொண்ட ஒன்றை வாங்கினோம். முதல் மழைக்காலத்தையே அது தாண்டவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன். பிறகு விசாரித்தபோது இதை விற்கிற வேறு ஆட்களும் வரிக்கு வரி அதையேதான் பேசுகிறார்கள்.

திடல் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஊர்ப் பொது இடம். கேரம், பாக்ஸிங், ஃபுட்பால் மூன்றும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஊறியது என்பது தெரிந்ததுதான். பெண்பிள்ளைகளுக்கும் ஒரு டீம் சேர்ந்தபோதுதான் பிரச்சினை. பையன்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வந்துகொண்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் ஒரு பெண் தலைசுற்றி உட்கார்ந்த பிறகு கமிட்டியில் பேசி வசூலில் இறங்கினோம். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற அக்காக்கள் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தார்கள், கப்பல் வேலையில் இருக்கிற பிள்ளைகள் பெரிய தொகையாக அனுப்பினார்கள். கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.

விற்க வந்தவர் லேப்டாப்பில் படம் காட்டினார். பெரிய மரங்களுக்கு நடுவில் கல்லால் கட்டியது போன்ற அழகான அறை, கூரைக்கு மேல் உயரமாக ஒரு கறுப்புக் குழாய். "இதே மாடல்தான் சார், நம்ம ஊருக்கு லைட் வெயிட்டா பண்றோம்" என்றார். அந்தப் படத்தில் இருப்பது அமெரிக்க வனப் பூங்காக்களில் வைக்கும் வார்ப்புக் கான்கிரீட் கழிப்பறை. டன் கணக்கில் எடை. அறைக்கு அடியில் நீர் கசியாத கான்கிரீட் தொட்டி இருக்கும், ஃப்ளஷ் கிடையாது, தொட்டி நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். கறுப்புக் குழாய் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. வெயிலில் சூடாகி, தொட்டிக்குள் இருக்கிற காற்றை மேலே இழுத்து, வாடை அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறது. எங்களுக்கு வந்ததிலும் ஒரு கறுப்புக் குழாய் இருந்தது. ஒன்றரை அங்குல பிவிசி பைப்புக்கு பெயின்ட் அடித்து, கூரைக்குச் சமமாக நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்தது பயோ. "டிரெயினேஜ் கனெக்‌ஷனே வேணாம் சார், பாக்டீரியா எல்லாத்தையும் சாப்பிட்டுடும், டிஆர்டிஓ அப்ரூவ்ட்." இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் கொட்டேஷனில் 70,000 ரூபாய். மலத்தை பாக்டீரியாவால் கரைக்கிற இந்த பயோ-டைஜஸ்டர் டாங்க் பொய்ச் சரக்கு அல்ல. சியாச்சின் போன்ற பனி இடங்களில் இருக்கும் ராணுவத்தினருக்காக டிஆர்டிஓ என்கிற அரசு ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் குவாலியர் ஆய்வுக்கூடம் உருவாக்கிய நிஜமான தொழில்நுட்பம். ரயில் பெட்டிகளில் இருப்பதும் அந்த வழிதான். டிஆர்டிஓ அதைச் செய்ய கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. லைசென்ஸ் வாங்கியவரிடம் அதற்கான காகிதம் இருக்கும். நாங்கள் கேட்டோம், "மெயில் பண்றேன் சார்" என்றார். இன்றுவரை அந்த மெயில் வரவில்லை.

நிஜமான டைஜஸ்டராகவே இருந்தாலும் ஒரு கணக்கு மாறாது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வந்தே தீரும். பாக்டீரியா மலத்தைத்தான் கரைக்கும், தண்ணீரைக் குடித்து ஏப்பம் விடாது. ஒருவர் போய் வந்தால் கால் கழுவுவதோடு சேர்த்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் இறங்குகிறது. டாங்க் நிரம்பிய பிறகு ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் வெளிக்குழாயில் வரும். அது எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு "சோக் பிட் போட்டுடுங்க சார்" என்று போகிற போக்கில் சொல்வார்கள். சோக் பிட் என்றால் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி. திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்று இங்கே கடைக்கால் தோண்டிய எந்த மேஸ்திரியும் சொல்வார். ஏற்கெனவே தண்ணீர் ஊறி நிற்கிற குழியில் இன்னும் தண்ணீரை விட்டால் அது எங்கே உறிஞ்சும்?

ஆடியில் வண்டி வந்தது. எங்கள் தெருவுக்குள் லாரி திரும்பாது, ஈபி ஒயர் வேறு தாழ்வாகப் போகிறது. ஹைட்ரா கிரேன் வாடகை, ஒயரைத் தூக்கிப் பிடிக்க ஆள் கூலி எல்லாம் எங்கள் தலையில். கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'இறக்குதல், சிவில் வேலை வாடிக்கையாளர் பொறுப்பு' என்று இருக்கிறதாம். சரி, அதை விடுங்கள். முழுப் பணமும் வண்டி ஏறுவதற்கு முன்பே போயிருந்தது. 60 சதவீதம் அட்வான்ஸ், மீதி 40 டிஸ்பாட்சுக்கு முன் என்பதுதான் அவர்கள் எல்லோரிடமும் போடுகிற நிபந்தனை. அதன் பிறகு அவர்கள் போனை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

காலடிப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் கமிட்டியில் இருக்கிறார். அறையைச் சுற்றி வந்தவர், எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக வெட்டியிருந்த ஓட்டையில் விரலை விட்டுக் கிள்ளினார். வெள்ளை வெள்ளையாக மணி உதிர்ந்தது. பில்லில் இருப்பது 50 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவில் பாலியூரித்தேன் நுரை வைத்த சுவர். பஃப் என்றால் மஞ்சளாக, கெட்டியாக, பொடிப்பொடியாக உதிரும். மணிமணியாக உதிர்ந்தால் அது தெர்மாகோல். வெளித் தகடு இரண்டுக்கும் ஒன்றுதான், மூடி வைத்தால் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கீல், தாழ்ப்பாள், திருகு. "304 ஸ்டெயின்லெஸ் சார், மேக்னெட் வெச்சுப் பாருங்க, ஒட்டாது" என்று விற்பனையாளரே காந்தத்தை நீட்டியிருந்தார். காந்தம் ஒட்டவில்லை. ஆனால் விலை குறைந்த 202 கிரேடிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, அந்த இடத்தில் மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். உப்புக்காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும். பழைய இரும்புக் கடைகளில் ஒரு சொட்டு மருந்து வைத்துப் பார்ப்பார்கள், 202 என்றால் நிறம் சிவக்கும். வெல்டர் அண்ணன் கீலில் வைத்தார், சிவந்தது. "இன்னா சார் இது, கடலாண்ட வெக்கிறதுக்கு 304-ஏ பத்தாது, 316 கேக்கணும். இவன் 202-ஐ மாட்டிட்டுப் போயிட்டான்" என்றார். ஆயுத பூஜைக்குள் கீல்களில் பழுப்புக் கோடு வடிய ஆரம்பித்துவிட்டது.

இதெல்லாம் சில்லறை ஏமாற்று. பெரியது மண்ணுக்கு அடியில்.

டாங்க் பொருத்த வந்த பையன் ஒரு கேன் கலங்கல் தண்ணீரை டாய்லெட் பேன் வழியாக ஊற்றிவிட்டு "பாக்டீரியா போட்டாச்சு, இனிமே நோ மெயின்டனன்ஸ்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நாளிலேயே பெண்கள் அறையில் பேனுக்குள் தண்ணீர் இறங்காமல் நின்றது. போன் செய்தால் "ஆசிட் ஊத்தினீங்களா? பினாயில் ஊத்தினீங்களா? பாக்டீரியா செத்திருக்கும்" என்றார்கள். இரண்டும் ஊற்றவில்லை. எதைக் கேட்டாலும் அவர்களுக்கு இந்த ஒரு பதில்தான். செத்தது என்று அவர்கள் சொன்னால் இல்லை என்று நாம் எப்படி நிரூபிப்பது?

கழிவுநீர் லாரி கூப்பிட்டோம். வந்தவர் டாங்கின் மூடி எங்கே என்று தேடினார். மூடி அறைக்குள், டைல்ஸுக்கு அடியில்! இடத்தை மிச்சம் பிடிக்க டாங்குக்கு நேர் மேலே அறையை உட்கார வைத்திருந்தார்கள். லாரி ஹோஸை நுழைக்க வழியே இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் அந்தப் பக்கம் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்கள்: "ரெண்டு பேரை விட்டு அள்ளிடுங்க சார், உங்க ஏரியாலதான் ஆள் கிடைப்பாங்களே."

இந்த இடத்தில் நான் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. செப்டிக் டாங்கில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விஷவாயு தாக்கி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று வடசென்னைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆள் இறங்கியே ஆகவேண்டும் என்கிற மாதிரி ஒரு பொருளைச் செய்து விற்பவனைத்தான் முதலில் உள்ளே வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

டைல்ஸை உடைத்து, மூடியைத் திறந்து, லாரி ஹோஸை விட்டு உறிஞ்சி எடுத்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு. டைஜஸ்டர் என்றால் உள்ளே தடுப்புகள் இருக்கும், நுண்ணுயிர் ஒட்டி வளர்வதற்கான அமைப்பு இருக்கும், ஆரம்பிக்கும்போதே கணிசமான அளவு நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றித்தான் ஆரம்பிப்பார்கள். இங்கே ஒரு தடுப்புகூட இல்லை. சாதாரண ஃபைபர் டாங்க், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. விடாமல் கொட்டி, திடலில் கணுக்காலுக்குத் தண்ணீர். காலையில் போய்ப் பார்த்தால் பெண்கள் அறை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்த குடிகாரன் மாதிரி நிற்கிறது. டாங்க் மிதந்திருக்கிறது! காலி ட்ரம்மைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தவர்களுக்குப் புரியும். 1,000 லிட்டர் டாங்க் காலியாக இருந்து, சுற்றிலும் நிலத்தடி நீர் முழுசாக ஏறிவிட்டால், ஏறக்குறைய 1,000 கிலோ விசையில் அது மேலே தள்ளும். ஃபைபர் டாங்கின் எடை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, மேலே இருப்பதோ தெர்மாகோல் அறை. நீர்மட்டம் உயரமான இடங்களில் டாங்குக்கு அடியில் கான்கிரீட் பெட் போட்டு, பட்டை கட்டி இறுக்கித்தான் புதைக்க வேண்டும். சைட்டைப் பார்க்க வந்த அவர்கள் ஆளிடம் இதைக் கேட்டதற்கு "மண் தள்ளினா போதும் சார், அது பாட்டுக்கு உக்காந்துக்கும்" என்றதுதான் பதில். இப்போது கேட்டால் "காலி பண்ணினது உங்க தப்பு" என்கிறார்கள். காலி செய்யவே கூடாத கழிவுநீர் டாங்க் உலகத்தில் எங்கேயாவது உண்டா?

வந்து பார்த்த பிளம்பர் கேட்டதுதான் எல்லாவற்றையும்விடச் சுருக்கென்று இருந்தது. "தோ, தெருமுனையில மெட்ரோ வாட்டர் சீவேஜ் லைன் போவுது. எதுக்குண்ணே உங்களுக்கு டாங்க்?" பைப் இழுத்தால் எட்டுகிற தூரம். இடத்தை அளந்த விற்பனையாளர் மேன்ஹோல் மூடியைத் தாண்டித்தான் நடந்தார். லைன் இருக்கிறது என்று வாயைத் திறந்தால் 70,000 ரூபாய் டாங்க் விற்காது. மலைப்பாதை, காட்டுக்கோயில், நெடுஞ்சாலையோரம் என்று லைன் இல்லாத இடங்களுக்காகச் செய்த சரக்கை லைன் இருக்கிற ஊரில் விற்பதுதான் இவர்களுக்கு லாபம்.

ஆக, கொட்டேஷன் கையில் வைத்திருப்பவர்கள் அறையின் கலரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு டாங்கைப் பற்றிய வரிகளைப் பாருங்கள். எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு, வெளிவரும் தண்ணீர் எங்கே போகும், மூடி அறைக்கு வெளியே இருக்கிறதா, மிதக்காமல் இருக்க என்ன ஏற்பாடு. இவை எழுத்தில் இல்லையென்றால் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. அளவையும் உள் அளவாகக் கேளுங்கள், நான்கு அடிக்கு நான்கு அடி என்று அவர்கள் சொல்வது வெளி அளவு. மீதிப் பணத்தில் ஒரு பகுதியையாவது ஒரு மழைக்காலம் முடிகிறவரை நிறுத்தி வையுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

'பில் இல்லாம வாங்கிக்கோங்க, 18 சதவீதம் மிச்சம்' என்று எங்களிடமும் சொன்னார்கள். கமிட்டிப் பணம், பில் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். இன்று கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த பில்தான். அதில் 'பயோ-டைஜஸ்டர்', 'பஃப்', '304' என்று மூன்று வார்த்தையும் அச்சாகியிருக்கிறது. முதலில் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அதுவரை போனை எடுக்காதவர்கள் தாமாகவே கூப்பிட்டார்கள். டாங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்கான பணத்தில் பாதியைக் கொடுத்தார்கள். மீதிக்கும் பேனலுக்கும் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டாங்கைத் தோண்டி எடுப்பதற்கு முன் போட்டோ, வீடியோ, கீலில் சொட்டு மருந்து வைத்தது எல்லாம் எடுத்து வைத்தது இப்போது உதவுகிறது.

திடலில் இப்போது செங்கல்லில் பேஸ்மட்டம் எழுப்பி, அறைகளை அதன் மேல் தூக்கி வைத்திருக்கிறோம். சேம்பர் கட்டி, மெட்ரோ வாட்டர் டெப்போவில் விண்ணப்பம் போட்டு அவர்கள் கழிவுநீர் லைனில் சேர்த்தாகிவிட்டது. பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். கீல்களை மட்டும் வெல்டர் அண்ணன் மாற்ற வேண்டியிருக்கிறது, 316-க்கு ஆர்டர் சொல்லியிருக்கிறார். மனு முடிந்ததும் தீர்ப்பின் நகலை இங்கேயே போடுகிறேன், அப்போது பெயரும் தெரியும்.