29 அங்குலச் சக்கரத்தில் பன்னி ஹாப்பும் ஜம்பும்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

29 அங்குலப் பெரிய சக்கர மவுண்டன் பைக் (மலைச் சைக்கிள்) தரையை விட்டு எழும்பாது, தாவ வேண்டுமென்றால் 26 அங்குலம்தான் என்று இன்னமும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பல வருடம் 26 அங்குல ஹார்ட்டெயில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத பைக்) ஓட்டிவிட்டு, அதன் பிறகு 29 அங்குல கோனா ஹோன்ஸோ ஸ்டீல் ஹார்ட்டெயிலுக்கு மாறினேன். அதையும் ஓட்டிச் சில வருடம் ஆகிவிட்டது. இரண்டையும் வைத்துச் சொல்கிறேன், அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி, சக்கரம் செய்யாத குற்றத்துக்குச் சக்கரத்தின் மேல் போட்ட பழி.

நான் ஓட்டுவது சிங்கப்பூரில். பெரும்பாலும் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா, அவ்வப்போது சாங்கி முனையில் பைக்கைப் படகில் ஏற்றிக்கொண்டு உபின் தீவுக்குப் போய், பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி இருக்கும் கெத்தாம் மவுண்டன் பைக் பார்க். இரண்டு இடத்திலும் பெரிய மலை கிடையாது. இறக்கம் ஆரம்பித்த வேகத்திலேயே முடிந்துவிடும், வேகம் தானாக வராது, அதனால் வேர், கல், மழைநீர் அரித்த பள்ளம் என்று எது குறுக்கே வந்தாலும் வேகம் குறையாமல் தாண்டிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். ஈரமான வேரின் மேல் முன் சக்கரம் சாய்வாகப் பட்டால் அவ்வளவுதான். பன்னி ஹாப், அதாவது சமதரையிலேயே பைக்கின் இரண்டு சக்கரத்தையும் எழுப்பித் தாண்டுவது, இங்கே வித்தை காட்டுவதற்கு இல்லை, தினப்படித் தேவை.

சரி, 29-ல் என்ன மாறுகிறது? டயர் உட்காரும் இடத்தில் 26 அங்குல ரிம்மின் விட்டம் 559 மி.மீ., 29 அங்குலத்துக்கு 622 மி.மீ. அதே தடிமன் டயர் போட்டால் சக்கரத்தின் அச்சு 31.5 மி.மீ. மேலே போகிறது. ஆனால் பெடல் போடும் பாட்டம் பிராக்கெட்டை யாரும் அந்த அளவுக்குத் தூக்கிவைப்பதில்லை, அது தரையிலிருந்து பழைய உயரத்தை ஒட்டியேதான் இருக்கிறது. ஆக நம் பாதம் அச்சுக் கோட்டுக்குக் கீழே இன்னும் ஆழமாக இறங்கிவிடுகிறது. 26-ல் பைக்கின் மேல் நிற்கிறோம், 29-ல் பைக்குக்குள் நிற்கிறோம். திருப்பத்தில் இது சுகம். முன் சக்கரத்தைத் தூக்கும்போது இதுவே எதிரி, ஏனென்றால் உடல் எடையைப் பின் அச்சுக்குப் பின்னால் கொண்டுபோக இடுப்பு இன்னும் நிறையப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது செயின்ஸ்டே, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சு வரை போகும் ஃபிரேம் குழாய். உண்மையான குற்றவாளி இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. ஆரம்ப கால 29 பைக்குகளில் பெரிய டயருக்கும் முன் டெரெய்லியருக்கும் (முன் பல்சக்கரங்களுக்கு இடையே செயினை மாற்றும் கருவி) சேர்த்து இடம் விட வேண்டியிருந்ததால் செயின்ஸ்டே 450 மி.மீ. வரை நீண்டது. அப்படிப்பட்ட பைக்கில் ஒரு தடவை ஏறியவர்கள்தான் 29 தாவாது என்று முடிவு கட்டினார்கள். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் பரவலாக ஆனபிறகு முன் டெரெய்லியர் காணாமல் போனது, இடம் கிடைத்தது. ஹோன்ஸோ 2012 மாடலாக வந்தபோதே அதன் செயின்ஸ்டே 415 மி.மீ.தான், என்னிடம் இருக்கும் பிந்தைய மாடலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு நண்பரின் பழைய 29-ஐயும் என்னுடையதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், இரண்டும் ஒரே சக்கர அளவு என்று நம்ப முடியாது. அவருடையதில் முன் சக்கரத்தைத் தூக்கி மேனுவலில் (பெடல் மிதிக்காமல் பின் சக்கரத்தில் மட்டும் ஓடுவது) வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, என்னுடையதில் இடுப்பைப் பின்னால் தள்ளினாலே எழுந்துவிடுகிறது. வாங்கப் போகிறவர்கள் சக்கர அளவைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். 440-க்குள் இருந்தால் கவலை இல்லை.

பன்னி ஹாப்பின் அசைவு 26-லும் 29-லும் ஒன்றுதான், நேரம்தான் வேறு. முதலில் மார்பைக் கீழே இறக்கி டயரையும் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கையும் அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் திரும்பி வரும் கணத்தில் கையை மடக்காமல் இடுப்பைப் பின் சக்கரத்தின் மேலாகப் பின்னால் வீச வேண்டும், முன் சக்கரம் தானாக எழும், அப்போது கால்களை நிமிர்த்தி எழுந்து நின்று ஹேண்டில்பாரை முன்னால் தள்ள வேண்டும், கால்விரல்களைக் கீழே சாய்த்துப் பெடலைப் பின்பக்கமாக அள்ளிக்கொண்டு வந்தால் பின் சக்கரம் மேலே வரும். 26-ல் இதைக் கையால் இழுத்தே ஏமாற்றிவிடலாம், பைக் சின்னது, வந்துவிடும். 29 அப்படி ஏமாறாது. இழுப்பு கையிலிருந்து வந்தால் முன் சக்கரம் ஒரு சாண் எழுந்து விழும். இடுப்பிலிருந்து வந்தால், கொஞ்சம் தாமதமாக, ஆனால் நன்றாகவே எழும். அந்தத் தாமதம்தான் பழக வேண்டிய விஷயம். 26-ல் வேரைப் பார்த்தவுடன் தாவலாம், 29-ல் ஒரு சக்கர நீளம் முன்னதாகவே மனசு ஆரம்பித்திருக்க வேண்டும். இதைப் புல்தரையில் ஒரு குச்சியைக் கிடத்திப் பழகுவது நல்லது. நடைபாதை விளிம்பில் பழகினால் ரிம்தான் விலை கொடுக்கும்.

இன்னொன்று, கிளிப் பெடலில் ஷூவைப் பூட்டிக்கொண்டு இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்குவதைப் பலர் பன்னி ஹாப் என்று நினைக்கிறார்கள். சின்ன வேருக்கு அது போதும். உயரம் வேண்டுமென்றால் ஃபிளாட் பெடல் போட்டு, பெடலைப் பாதத்தால் அள்ளிப் பழகுவதுதான் வழி.

ஜம்புக்கு வருகிறேன். ஜம்ப் மேட்டில் ஏறி அந்தரத்தில் போகும்போது 29 நிதானமாக இருக்கிறது, அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சுழலும் ரிம்மும் டயரும் கனமாகவும் அச்சிலிருந்து தள்ளியும் இருப்பதால், அதே வேகத்தில் அவற்றின் சுழல் உந்தம் அதிகம், பைக் தன் நிலையை விட்டு எளிதில் சாயாது. நேராகப் பறந்து நேராக இறங்குகிறவருக்கு இது வரம். பின்பக்கத்தை வீசி பைக்கைக் காற்றில் குறுக்காகத் திருப்ப ஆசைப்படுகிறவருக்கு இதுவே பாரம். தாவி வித்தை காட்டுவதற்கான டர்ட் ஜம்ப், ஸ்லோப்ஸ்டைல் பைக்குகள் இன்றைக்கும் 26-லேயே இருப்பது காரணத்தோடுதான். பறக்கும்போது முன்பக்கம் அதிகம் தூக்கியிருந்தால் பின் பிரேக்கை லேசாகத் தொட்டால் மூக்கு இறங்கும் அல்லவா, சக்கரத்தின் சுழற்சி பைக்குக்கு மாறுவதால் நடப்பது அது, 29-ல் அதன் பலன் தெளிவாகக் கூடுதல். 26 பழக்கத்தில் தொடும் அளவில் பாதி போதும்.

பறந்து தரையிறங்குவதுதான் பெரிய சக்கரத்தின் சொந்த ஊர். டேபிள்டாப்பில் (உச்சி தட்டையான ஜம்ப் மேடு) கொஞ்சம் குறைவாகப் பறந்து, இறங்கும் சரிவின் நெற்றியிலேயே பின் சக்கரம் இடித்தாலும் 29 அதை உருட்டிக்கொண்டு போய்விடும், 26 அதே இடத்தில் முதுகெலும்பு வரை செய்தி அனுப்பும். செங்குத்தான, குட்டையான ஜம்ப் மேட்டில் கதை மாறுகிறது. சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் முன் சக்கரம் காற்றில் இருக்கும்போதே பின் சக்கரம் இன்னும் வளைவில் ஏறிக்கொண்டிருக்கும், காலைத் தளர்வாக வைத்திருந்தால் பின்பக்கம் உதைத்துத் தள்ளும். பெடலை அழுத்தியபடியே வளைவைக் கடக்க வேண்டும். செஸ்ட்நட் பம்ப் டிராக்கில் (பெடல் மிதிக்காமல் உடலால் அழுத்தியே வேகம் எடுக்கும் மேடுபள்ளப் பாதை) நெருக்கமான மேடுகளிலும் இதே குறை தெரியும், சக்கரம் பள்ளத்தின் அடிவரை இறங்காததால் அழுத்தி வேகம் எடுக்க இடம் குறைவு. பம்ப் டிராக் மட்டுமே போகிறவருக்கு நான் 29-ஐச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

29 என்றால் ஏற்றத்துக்கும் பந்தயத்துக்கும் மட்டும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் நியாயமாகவே பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியில் செக் வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றது 29-ல்தான். ஆனால் 2017-ல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தயம்) உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னார் 29 அங்குல சான்டா குரூஸ் வி10-ல் வென்றாரே, அந்தப் பாதையின் கடைசிப் பகுதி முழுக்கப் பெரிய ஜம்புகள். அதற்குப் பிறகும் தாவாது என்பதில் அர்த்தமில்லை.

செட்டப்பில் நான் கடைசியாக வந்து நின்ற இடம் இது. ஹேண்டில்பாரைப் பிடித்து நிற்கும் ஸ்டெம் 40 மி.மீ., ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமானது, பார் தாழ்ந்திருந்தால் மேனுவலே கனக்கிறது. சீட்டை முழுக்க இறக்கும் டிராப்பர் போஸ்ட் இல்லாமல் 29-ல் ஜம்ப் வேண்டவே வேண்டாம், பின் டயர் ஏற்கெனவே நம் உட்காருமிடத்துக்கு நெருக்கம், நடுவில் சீட்டும் நின்றால் உடலை மடக்க இடமில்லை. ஃபோர்க்கின் ரீபவுண்டை (அமுங்கியது திரும்பி எழும் வேகம்) சற்று வேகமாக வைத்திருக்கிறேன், மெதுவாக இருந்தால் அழுத்திய அழுத்தம் தேவையான நேரத்தில் திரும்பி வருவதில்லை. டயர் காற்று சாதாரண ஓட்டத்துக்கு 22 பி.எஸ்.ஐ. சுற்றி, ஜம்ப் இருக்கும் நாளில் 27 வரை. என் எடை 70 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உங்கள் எடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தேய்மானம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீளமான ஸ்போக் என்றால் பக்கவாட்டு இடியைத் தாங்கும் பலம் குறைவு. சாய்வாக இறங்கிய ஓட்டங்களுக்குப் பிறகு பின் சக்கரம் லேசாகக் கோணியிருக்கிறது, ஸ்போக்குகளை விரலால் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை முறுக்குவது இப்போது பைக் கழுவும் வேலையோடு சேர்ந்துவிட்டது. பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) பூஸ்ட் எனப்படும் 148 மி.மீ. அகலம், ஸ்போக்குகள் விரிந்து நிற்பதால் பழைய குறுகிய ஹப்பை விட நிலைமை பரவாயில்லை. முதலில் வந்த லேசான பின் ரிம் வேரில் இடித்து நசுங்கியது, கனமான, அகலமான ரிம் போட்டுக் கட்டிய பிறகு தொல்லை இல்லை. பின் சக்கரத்தில் எடை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டீல் ஃபிரேமில் வெல்டிங் மூட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, இந்த ஊர் ஈரத்துக்குச் சீட் டியூபுக்குள் மட்டும் துருத் தடுப்பு எண்ணெய் அடித்து வைக்கிறேன்.

உயரம் குறைந்தவர்கள் பின் டயர் இடிக்கிறது என்று சொல்வது நிஜம். அவர்களுக்கு முன்னால் 29, பின்னால் 27.5 போட்ட கலப்புச் சக்கர பைக்குகள் இருக்கின்றன, 2019 முதல் உலகக் கோப்பையிலும் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் அதற்கென்றே வடிவமைத்த பைக்காக வாங்குங்கள். 29-க்கு என்று செய்த ஹார்ட்டெயிலில் பின் சக்கரத்தை மட்டும் 27.5 ஆக மாற்றினால் பின் அச்சு 19 மி.மீ. இறங்கி, ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் நிற்கும் கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்து, பாட்டம் பிராக்கெட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும், கெத்தாம் மாதிரிக் கல் நிறைந்த பாதையில் பெடல் ஓயாமல் இடிக்கும். அதனால் ஹோன்ஸோவில் இரண்டு பக்கமும் 29-ஐயே வைத்திருக்கிறேன்.