பச்சை பெயின்டுக்கு அடியில் பட்டி: பழைய ஜாயின்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

வடசென்னையில் பழைய மெஷின் விற்கும் ஒருவரிடம் எங்கள் பட்டறைக்கு 12 இன்ச் ஜாயின்டர் வாங்கினோம். பலகையின் முகத்தையும் ஓரத்தையும் மட்டமாக இழைக்கும் மெஷின் இது. சர்ஃபேஸ் பிளேனர் என்று சொல்லித்தான் விற்பார்கள். “இங்கிலாந்து சரக்கு, வாட்கின், 3 ஹெச்பி மோட்டார்” என்று சொல்லி ஓட்டியும் காட்டினார். வாட்கின் என்பது மரவேலை மெஷின் செய்த பிரிட்டிஷ் கம்பெனி. வந்து இறங்கியது வாட்கின் இல்லை, மோட்டார் 3 ஹெச்பி இல்லை, இழைத்த பலகை வந்து ஏறும் அவுட்ஃபீட் டேபிள் உடைந்து ஒட்டுப்போட்டது. பணம் திரும்பி வரவில்லை. எதை எப்படி மறைத்திருந்தார், எங்கே பார்த்தால் பிடிபடும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

பெரிய மோசம் டேபிளில். அவுட்ஃபீட் டேபிளுக்கு அடியில், டேபிள் ஏறி இறங்கச் சறுக்கும் டவ்டெயில் வழி ஒரு பக்கம் உடைந்து, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டி (பிரேஸ்), மேலே பட்டி பார்த்து பச்சை ஹேமர்டோன் பெயின்ட் அடித்திருந்தார்கள். வண்டியில் ஏற்றும்போது டேபிளில் கயிறு போட்டுத் தூக்கினால் உடைவது இந்த இடம்தான். டேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, அடிபாகத்தில் ஸ்லிங் போட்டுத்தான் தூக்க வேண்டும். குட்டி யானையில் ஏற்றுகிற ஆட்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பட்டியைக் கண்டுபிடிக்கச் சின்னக் காந்தம் போதும். வார்ப்பிரும்பில் பிடிக்கிற காந்தம் பட்டி கனமாக உள்ள இடத்தில் வழுக்கி விழும். அங்கே தின்னர் நனைத்த துணியால் தேய்த்துச் சுரண்டினால் மஞ்சள் கோடு தெரியும். சின்னச் சுத்தியலால் தட்டியும் பார்க்கலாம்: நல்ல வார்ப்பு கணீரென்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சொத்தென்று கேட்கும்.

பிறகு மட்டம். இரண்டு டேபிளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர் பார்க்கும் சட்டம்) இரு ஓரத்திலும் இரு மூலைவிட்டத்திலும் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பாருங்கள். ஜன்னலுக்குப் போடும் அலுமினியச் சட்டத்தை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்று நம்ப வேண்டாம். 0.1 மி.மீ. வரை கவலையில்லை. எங்கள் மெஷினில் வெளிமுனை 0.7 தொங்கியது. முனை தொங்கினால் பலகை நடுவில் குழிந்து வரும், முனை தூக்கியிருந்தால் நடுவில் புடைத்து வரும். டேபிளின் ஆட்டத்தை எடுக்கும் ஜிப் திருகை இறுக்கியோ ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோ சரிப்படுத்தப் பார்த்தால் ஒட்டின இடம்தான் நெகிழ்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கொடுத்து கிரைண்டிங் போடலாம். மேல்பரப்பு சமமாகும், விரிசல் அப்படியே இருக்கும்.

இந்தக் கருவி எதுவும் கையில் இல்லையென்றால் மூன்றடிப் பலகை இரண்டை எடுத்துப்போய், ஓரம் இழைத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவே வெளிச்சம் கசிந்தால் டேபிள் மட்டமில்லை. “கரண்ட் லோடு தாங்காது, சும்மா ஓட்டிப் பாருங்க சார்” என்று எங்களிடம் சொன்னார்கள். மரம் விடாமல் சும்மா ஓட்டினால் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

அதிலும் ஒரு தந்திரம் இருந்தது. கத்தி மாட்டிச் சுழலும் கட்டர் பிளாக்கில் 2 இன்ச் புல்லி, 1440 ஆர்பிஎம் மோட்டாரில் 4 இன்ச் புல்லி. பிளாக் நிமிடத்துக்கு 2,880 சுற்றுதான் ஓடும். இந்த அளவு மெஷினுக்கு 4,000க்கு மேல் வேண்டும். மோட்டாரில் 6 இன்ச் புல்லி போட்டால் 4,320 வரும். போட்டதும் பேரிங் அலறியது. வேகத்தைக் குறைத்து சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள். விலை பேசும் முன் இரண்டு புல்லியையும் டேப்பால் அளந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.

பேரிங் போனது பெரிய விஷயமில்லை, புதிது போட்டுக்கொள்ளலாம். ஆனால் கழற்றிப் பார்த்தால் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி டைட் ஆக்கியிருந்தது. கொஞ்ச நாளில் மறுபடி லூஸ் ஆகும். மெட்டல் ஏற்றி மறுபடி அளவுக்கு கிரைண்ட் செய்ய வேண்டும், அது தனிச் செலவு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டயல் கேஜ் வைத்து பிளாக்கை மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் கவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மோட்டாரில் ஒட்டிய பிளேட்டை நம்பாமல் வெர்னியரால் ஷாஃப்டை அளக்கலாம். 1440 ஆர்பிஎம், 3 ஹெச்பி மெட்ரிக் மோட்டாருக்கு 28 மி.மீ. ஷாஃப்ட் இருக்க வேண்டும். 24 இருந்தால் அது 2 ஹெச்பிக்கு மேல் இருக்காது. எங்களுடையது 24.

பெயர்ப்பலகை பாப் ரிவெட்டில் புதிதாக அடித்தது. வாட்கின் மெஷினில் எண்ணை இரும்பிலேயே குத்தியிருப்பார்கள். இதில் எங்கேயும் இல்லை. பழைய பிரிட்டிஷ் மெஷினில் விட்வொர்த் என்ற இன்ச் அளவு மரை இருக்கும், இதில் மெட்ரிக் ஸ்பேனர் எல்லா போல்ட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. உள்நாட்டு வார்ப்பு மட்டம் என்று சொல்லவில்லை. இறக்குமதி விலை சொன்னதுதான் ஏமாற்று.

சதுர கட்டர் பிளாக் உள்ள மெஷின் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். விரலை உள்ளே இழுத்துவிடும். கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளை பிளாக்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1922லேயே விதி வந்துவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தது துண்டுச் சீட்டு. அதில் “பழைய மெஷின் 1” என்று மட்டும் இருந்ததால் பேச்சில் சொன்ன எதையும் நிரூபிக்க முடியவில்லை. தயாரிப்பு, எண், ஹெச்பி, “டேபிளில் உடைப்போ ஒட்டோ இல்லை” என்ற வரி, இவ்வளவும் பில்லில் எழுதி வாங்குங்கள். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் மெஷின் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் செய்ய வழியிருக்கிறது. முதலில் 1915 எண்ணில் கேளுங்கள். ஆள் வைத்து நடத்தும் பெரிய பட்டறைக்கு அந்த வழி கிடைப்பது கஷ்டம். அதனால் பாக்கித் தொகையை மெஷின் உங்கள் இடத்தில் மரம் இழைத்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸே கொடுக்க வேண்டாம்.