‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று விற்கப்படும் பழைய பின்பால் போர்டுகள்: வாங்குவோர் கவனத்திற்கு

சிகாகோவின் பாலி நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘எய்ட் பால் டீலக்ஸ்’ பின்பால் இயந்திரம் (சாய்ந்த மேசையில் இரும்புக் குண்டை அடித்து ஸ்கோர் எடுக்கும் விளையாட்டு இயந்திரம்) ஒன்றை நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் பராமரித்து வருகிறேன். அதன் மூளையாகிய கட்டுப்பாட்டு போர்டு (மின்சுற்றுப் பலகை) பழுதானபோது, பழைய உதிரிபாகங்களை இணையத்தில் விற்கும் ஒருவரிடம், ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு சோதிக்கப்பட்டது’ என்ற அவருடைய உறுதிமொழியின் பேரில் கணிசமான விலை கொடுத்து மாற்று போர்டு வாங்கினேன். அதே வாசகத்துடன் அவர் இன்னும் விற்றுக்கொண்டிருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அக்காலத்துப் பாலி போர்டுகளில், அதிகபட்ச ஸ்கோரை நினைவில் வைப்பதற்காக 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று போர்டின் மீதே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் அதிலிருந்து காரம் கசிந்து, செம்புத் தடங்களை அரித்து, சிப் சாக்கெட்டுகளின் கால்களுக்கு அடியிலும் ஊர்ந்துவிடும். இதை மேலே தேய்த்துப் போக்க முடியாது. பாதிக்கப்பட்ட பாகங்களையும் சாக்கெட்டுகளையும் கழற்றி, நீர் கலந்த வினிகரால் காரத்தை முறித்து, நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே புதியவற்றைப் பொருத்த வேண்டும். பொறுமையைக் கோரும் இந்த வேலைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

எனக்கு வந்த போர்டு பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் அதன் எல்.இ.டி. விளக்கு முறைப்படி ஏழு முறை மின்னியது. விற்றவர் அனுப்பியிருந்த காணொளியிலும் அதுவே இருந்தது. ஆனால் போர்டு தொடக்கச் சோதனைகளைத் தாண்டி ஒருமுறை எழுந்தது என்பதற்கு மேல் அந்த ஏழு மின்னல்கள் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. சில வாரங்களிலேயே இயந்திரம் ஆட்டத்தின் நடுவில் உறைந்து நிற்கத் தொடங்கியது. ஒரு நாள் காயில் (இயந்திரத்தின் பாகங்களை இழுத்து அசைக்கும் மின்காந்தக் கம்பிச்சுருள்) ஒன்று இழுத்த நிலையிலேயே நின்று சூடேறியதில், அதன் காகித உறையும் அதில் அச்சிட்டிருந்த எண்ணும் கருகிப்போயின. அந்த எண்தான் கம்பியின் கேஜையும் (தடிமன் அளவு) சுற்றுகளையும் சொல்வது (26-1200 என்றால் 26 கேஜ் கம்பி, 1200 சுற்று). அது அழிந்தால் கையேட்டைப் பார்க்காமல் சரியான மாற்றுக் காயிலை வாங்க இயலாது.

போர்டைக் கழற்றி, பேட்டரி இருந்த மூலையில் பச்சைப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. அருகிலிருந்த ஈயப் பற்றுகள் சாம்பல் நிறமேறி, சூடான சால்டரிங் அயர்னை வைத்தும் உருக மறுத்தன. சாக்கெட்டுகள் அத்தனையும் பழையவை. அரிப்பின் மேலேயே பெயிண்ட் அடித்து, புதிய பேட்டரியை வைத்து விற்றிருக்கிறார்கள். படங்களுடன் கேட்டபோது, போர்டைச் சுரண்டியதால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறைத்த குற்றத்தை விட்டுவிட்டு, அதை வெளிக்கொண்டுவந்தவரைக் குறை சொல்லும் இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, இத்தகைய போர்டை வாங்கும் முன் பேட்டரி நீக்கப்பட்ட நிலையில், பூச்சு அடிப்பதற்கு முன் எடுத்த இருபுறப் படங்களையும், மாற்றிய சாக்கெட்டுகள், சிப்புகளின் பட்டியலையும் கேளுங்கள். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். போர்டு கைக்கு வந்ததும் உத்தரவாதக் காலத்துக்குள் பல மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். அதன் மீதே பேட்டரி இருந்தால், மின்சாரமின்றி நினைவை வைத்திருக்கும் மாற்று மெமரி சிப்பைப் பொருத்திவிட்டு அந்தப் பேட்டரியை அகற்றிவிடலாம். அரிப்பு ஆழமாக இறங்கிய பழைய போர்டுக்குச் செலவிடுவதை விட, இதே இயந்திரங்களுக்கென இப்போது புதிதாகத் தயாரிக்கப்படும் போர்டை வாங்குவதே மேல் என்பது என் கருத்து. நானும் அதைத்தான் பொருத்தியிருக்கிறேன்.